ஸ்கூல் கம்ப்யூட்டரை ஹேக் செய்யும் மாணவர்கள்... சாவியைக் கொடுத்தது யார்?

ஹேக்கர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இருட்டு ரூம், முகத்தை மறைத்த ஒரு ஆள், ஸ்க்ரீன் முழுக்க ஓடும் பச்சை எழுத்துகள்... சினிமா நமக்குக் காட்டியது அதைத்தான். ஆனால், பிரிட்டன் பள்ளிகளில் சிக்கிய ஹேக்கர்கள் பலரும் யூனிஃபார்ம் போட்டவர்கள்!

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், 2022 ஜனவரி முதல் 2024 ஆகஸ்ட் வரை கல்வி நிறுவனங்களில் 'உள்ளே இருப்பவர்களால்' நடந்த 215 தகவல் மீறல்களை ஆராய்ந்தது. அதில் 57 சதவிகிதத்துக்குக் காரணம் மாணவர்கள். திருடிய லாகின் விவரங்களைக்கொண்டு நடந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், 97 சதவிகிதம் மாணவர்களின் வேலை.

துண்டுச்சீட்டில் பாஸ்வேர்டு

'அப்போ பசங்க பெரிய ஜீனியஸ்தான்போல'ன்னு நினைக்கிறீங்களா? அதுதான் இல்லை. நுட்பமான வழிகளில் பாதுகாப்பை உடைத்த சம்பவங்கள் வெறும் 5 சதவிகிதம். மற்றபடி, சுலபமான பாஸ்வேர்டை யூகித்திருக்கிறார்கள். ஆசிரியர் பேப்பரில் எழுதிவைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். பூட்டை உடைக்கவில்லை, வாசலில் கிடந்த சாவியை எடுத்திருக்கிறார்கள்.

விளையாட்டு எங்கே வினையாகிறது?

நண்பர்களின் சவால், கெத்து, பழிவாங்கல், பணம் எனக் காரணங்கள் பல. பதினோராம் ஆண்டு படித்த மூன்று மாணவர்கள், இணையத்தில் கிடைத்த டூல்களைக்கொண்டு 1,400 பேரின் விவரங்கள் இருந்த பள்ளியின் சிஸ்டத்துக்குள் நுழைந்தார்கள். கேட்டதற்கு, 'சைபர் செக்யூரிட்டியில் ஆர்வம், திறமையைச் சோதித்துப் பார்த்தோம்' என்றார்கள்.

இன்னொரு மாணவர், ஊழியர் ஒருவரின் லாகினில் நுழைந்தார். அங்கே 9,000-க்கும் மேற்பட்டோரின் முகவரி, உடல்நலத் தகவல், அவசரத் தொடர்பு எண்கள் இருந்தன. மார்க்கை மாற்றுவதோடு முடிகிற விஷயமில்லை இது. வீட்டில் பிரச்னை என்று ஆசிரியரிடம் மட்டும் அழுதுகொண்டே சொன்ன ஒரு பிள்ளையின் ரகசியமும் அந்த சிஸ்டத்தில்தான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதியின்றி நுழைவதே பிரிட்டனில் 1990-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவில், அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிறார் என்றால் சிறார் நீதிச் சட்டப்படி விசாரணை நடக்கும்.

பிரிட்டன் காவல்துறையின் 'சைபர் சாய்ஸஸ்' திட்டம், இப்படிப்பட்ட பிள்ளைகளைத் திறமையை நல்ல வழியில் காட்டும்படி திருப்பிவிடுகிறது. அங்கு அனுப்பப்பட்டவர்களில் மிகச் சிறியவருக்கு வயது 7!

2021-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் சில மாணவர்கள், ஆறு பள்ளிகளின் திரைகளில் ஒரே நேரத்தில் பிரபலமான ஒரு பழைய பாப் பாட்டை ஓடவிட்டார்கள். பிறகு, ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று 26 பக்க அறிக்கை அனுப்பினார்கள். நிர்வாகம் தண்டிக்காமல் நன்றி சொன்னது. அது அவர்களின் அதிர்ஷ்டம். எல்லாப் பள்ளியும் அப்படிச் சொல்லாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்கள் பாஸ்வேர்டைப் பிள்ளையிடம் சொல்லி 'நீயே போட்டுக்கோ' என்பதை நிறுத்துங்கள். பாஸ்வேர்டு என்றாலே பொதுச்சொத்து என்ற எண்ணம் அங்கேதான் தொடங்குகிறது.

* 'ஸ்கூல் சிஸ்டத்துல நுழைஞ்சுட்டேன்' என்று பெருமையாகச் சொன்னால் ரசிக்காதீர்கள். உடனே அடிக்கவும் பாயாதீர்கள். என்ன பார்த்தான், யாரிடம் சொன்னான் என்று கேளுங்கள். பிறகு பள்ளியிடம் நீங்களே கூட்டிப்போய்ச் சொல்லுங்கள்.

* ஆர்வம் இருந்தால், அனுமதியோடு ஹேக்கிங் பழகும் சி.டி.எஃப் போட்டிகளைக் காட்டுங்கள்.

* ஆசிரியரா நீங்கள்? மானிட்டரில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டை இன்றே கிழித்துவிடுங்கள்.

பூட்டைப் பார்த்தால் திறந்து பார்க்கத் தோன்றும் வயசு அது. சாவியைப் பத்திரமாக வைப்பது பெரியவர்களின் வேலை!