முசிறித் துறையும் பெரியாற்றுக் கழிமுகமும்

சேரர் துறைமுகமாகிய முசிறி எங்கிருந்தது என்னும் வினாவிற்குக் கொடுங்கல்லூர் என்பதே நெடுங்காலம் விடையாகக் கூறப்பட்டு வந்தது. ஆயினும் கொடுங்கல்லூர்ப் பகுதியில் 1945இலும் 1969-70இலும் நிகழ்ந்த அகழாய்வுகள் இடைக்காலப் பொருள்களையே வெளிப்படுத்தின. சங்ககாலத் துறைமுகத்தின் தடயம் அங்குக் கிட்டவில்லை. அதற்குச் சில கிலோமீட்டர் தெற்கே, எறணாகுளம் மாவட்டத்துப் பரவூர் வட்டத்திலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2004இல் சோதனை அகழாய்வும், 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றத்தின் தொடர் அகழாய்வும் நடைபெற்றன. நடுநிலக்கடல் நாடுகளின் ஆம்போரா ஓடுகள், உரோமானியக் கண்ணாடி, ரௌலட்டட் ஓடுகள், செங்கற் கட்டுமானம், 'அமண' எனத் தமிழ் பிராமியில் பொறித்த பானையோடு ஆகியன அங்குக் கிடைத்தன. அன்றுமுதல் முசிறி என்பது கொடுங்கல்லூரா பட்டணமா என்னும் விவாதம் தொடர்கிறது.

இவ்விவாதம் முசிறியை ஒரு புள்ளியாகக் கொண்டு தேடுகிறது. பழைய சான்றுகளோ முசிறியை ஒரு கழிமுகமாகக் காட்டுகின்றன.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளுஸ், முசிறி ஆற்றங்கரையில், முகத்துவாரத்திலிருந்து 20 ஸ்டேடியம் உள்ளே இருந்ததாகக் கூறுகிறது. இது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். ஏறத்தாழ கி.பி. 77இல் நூல் முடித்த பிளினி, கப்பல்கள் கரைக்கு வெகுதொலைவில் நங்கூரமிட்டன என்றும், சரக்குகள் சிறு படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டன என்றும் எழுதுகிறார். புறநானூற்றின் 343ஆம் பாடலில் பரணர் காட்டும் காட்சியும் இதுவே: கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்க்கின்றன. ஒருவரையொருவர் அறியாத இரு எழுத்தாளர்கள், ஒருவர் இலத்தீனிலும் மற்றவர் தமிழிலும், ஒரே வேலைமுறையைப் பதிவு செய்திருப்பது இத்துறையின் வரலாற்றுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பாகும்.

அகநானூற்று 149ஆம் பாடலோ யவனரின் கலம் பேரியாற்றின் நுரை கலங்க வந்து, பொன்னைத் தந்து மிளகோடு மீண்டதாகப் பாடுகிறது. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. கலம் என்னும் சொல் அளவைச் சுட்டுவதில்லை. சிறியது ஆற்றினுள் புகும், பெரியது புறத்தே நிற்கும். பெரிய கப்பல்களின் அளவை ஊகிக்க, 1985இல் பதிப்பிக்கப்பட்ட வியன்னா பாப்பிரசு ஆவணம் உதவுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்வாவணத்தில் எர்மபொல்லோன் என்னும் ஒரே கப்பலின் இந்தியச் சரக்கு, வரி நீக்கியபின் ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் மதிப்புடையதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இத்தகைய கப்பல் மணல்திட்டுகள் நிறைந்த கழிக்குள் எளிதில் நுழைந்திராது.

பட்டணத்தில் கிடைத்த ஆறு மீட்டர் நீள ஒற்றைமரத் தோணியை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். அது கேரளத்தில் வள்ளம் செய்யப் பெரிதும் பயன்படும் ஆஞ்சிலி மரத்தால் ஆனது. அருகே படகு கட்டும் தேக்கு முளைகளும் நின்றன. ஆய்வாளர் பலரும் ஆம்போரா ஓடுகளையே முதலில் எண்ணுகின்றனர். முசிறி இயங்கிய முறையைச் சொல்வது இத்தோணியே ஆகும். மலைநாட்டு மிளகைக் கடற்கப்பலுக்கு இணைத்தது யவனர் கலமன்று, உள்ளூர்த் தோணிக்காரரின் உழைப்பு. அவர்களுள் ஒருவர் பெயரும் எந்த ஆவணத்திலும் இல்லை.

இன்றைய பட்டணமும் கடலிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. பெரிப்ளுஸ் கூறும் தொலைவோடு இது பொருந்துவதைச் சிலர் சான்றாகக் கொள்வர். அவ்வாறு கொள்வது பொருந்தாது. அன்றைய கடற்கரை இன்றைய கடற்கரையன்று. பெரியாற்றின் முகத்துவாரம் இன்று பட்டணத்திற்கு வடக்கே அழீக்கோட்டில் உள்ளது. ஆற்றின் ஒரு கிளை முன்னர்ப் பட்டணத்தை ஒட்டி ஓடியிருக்கலாம் என்பது நிலவியல் ஆய்வாளர் கருத்து. 1341இல் பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியின் வாயைத் திறந்தது என்பது மரபு. அப்போது எழுந்ததாகக் கூறப்படும் வைப்பின் தீவில் புதுவைப்பு என்னும் ஆண்டுக்கணக்கு அவ்வாண்டிலிருந்தே தொடங்கியது. ஒரு நிலத்தின் பிறப்பை ஆண்டுத் தொடக்கமாகக் கொண்ட வழக்கு அரிது. ஆயினும் இத்தகைய மாற்றத்தை ஒரே வெள்ளத்தின் செயலாகக் கொள்வதினும், நெடுங்கால வண்டல் படிவின் முடிவாகக் கொள்வது ஏற்புடையது.

கி.பி. 1000இல் பாஸ்கர இரவிவர்மன் யூத வணிகர் ஜோசப் இரப்பானுக்கு வழங்கிய செப்பேடு முயிரிக்கோட்டில் இருந்து அளிக்கப்பட்டது. முசிறியின் பெயரே இங்கு உருமாறி நிற்கிறது. அக்காலத்தில் அது கொடுங்கல்லூரைச் சுட்டியது. ஆறு இடம்பெயர்ந்தபோது துறையும் பெயர்ந்தது, பெயரும் உடன் சென்றது எனக் கொள்ளின், இரு தரப்பினரும் தம் சான்றுகளைக் கைவிட வேண்டியதில்லை. மக்கள் குடியிருக்கும் பட்டணத்து மேட்டில் வீட்டு முற்றங்களுக்கிடையே அகழப்பட்ட பரப்பு மிகச் சிறிது. கழியின் அடியிலும் வைப்பின் மணலின் கீழும் தேடல் இன்னும் முறையாகத் தொடங்கப்பட வேண்டியுள்ளது.