கர்மா, கடமை, பொறுப்பு: ஒரு ஆசிரியரும் ஒரு மாணவரும்

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மாடியில் மாட்டிக்கொண்டவர்களை முன்பின் தெரியாதவர்கள் படகில் வந்து மீட்டார்கள்.

இது போன்ற நேரங்களில் நம் ஊரில் இரண்டு பேச்சுகள் கேட்கும். ஒன்று, "எல்லாம் அவரவர் கர்மா". மற்றொன்று, "யாராக இருந்தால் என்ன, போய்த் தூக்கிவிட வேண்டாமா?" சில சமயம் இரண்டையும் ஒரே ஆளே சொல்வார். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? நூறு ஆண்டுகளுக்கு முன்பே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

முதலில் சில சொற்கள்

ஒழுக்கம்: ஒரு சமூகம் நல்லது என்று ஏற்று நடக்கும் நடைமுறை. வாங்கிய கடனைத் திருப்பித் தருவது ஓர் உதாரணம்.

அறவியல்: அந்த நடைமுறை ஏன் சரி என்று காரணம் கேட்கும் படிப்பு.

கடமை: செய்தே ஆக வேண்டியது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் (1724-1804) விளைவை வைத்துக் கடமையை அளக்கக் கூடாது என்றார். இங்கிலாந்தின் பெந்தாம் (1748-1832) இதற்கு நேர் எதிர். ஒரு செயலால் எவ்வளவு இன்பம் கூடியது, எவ்வளவு துன்பம் குறைந்தது என்பதே அவருக்கு அளவுகோல்.

வினைப்பயன்: செய்ததற்கு ஏற்றதுதான் கிடைக்கும் என்ற கருத்து. கர்மாவின் மையம் இதுதான்.

பொறுப்பு: ஒருவர் தன் விருப்பத்தால் செய்ததற்கே பொறுப்பாக முடியும். எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றால் யாரையும் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

கேள்வி கேட்ட ஆசிரியர்

ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் (1875-1954) ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர். 1903இல் சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அவரிடம் படித்தவர்களில் பெரும்பாலானோர் இந்து மாணவர்கள். அவர்களின் நம்பிக்கையைக் கேலி செய்யாமல், அதை ஒரு தத்துவமாக மதித்து வாதம் செய்தார். 'கர்மாவும் மீட்பும்' என்று பொருள்படும் அவரது நூல் 1909இல் வந்தது.

அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான். கர்மாவின் உலகம் ஒரு கச்சிதமான நீதிமன்றம். அங்கே தகாத தண்டனை யாருக்கும் கிடைக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட உலகத்தில் ஒருவர் மற்றவருக்காகத் துன்பத்தை ஏற்க முடியாது. ஏனென்றால் அவர் படும் துன்பமும் அவருடைய பழைய கணக்காகவே இருக்கும். ஆகவே நீதிமன்ற ஒழுங்கு வேறு, அற ஒழுங்கு வேறு என்றார் ஹாக். பிறருக்காகத் துன்பப்பட இடம் இருப்பதுதான் அற ஒழுங்கு.

பதில் எழுதிய மாணவர்

அந்த வகுப்பில் ஒரு மாணவர், சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1888இல் திருத்தணியில் பிறந்தவர். வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்தார். அவர் தத்துவம் படித்ததே தற்செயல்தான். புத்தகம் வாங்க வசதி இல்லாத நிலையில், அந்தப் பாடத்தில் தேறிய உறவினர் ஒருவர் தன் புத்தகங்களைக் கொடுத்தார். பாடம் முடிவாகிவிட்டது!

உலகம் மாயை என்றால் அதில் நல்லது, கெட்டது என்ற பேச்சுக்கே பொருள் இல்லை, ஆகவே வேதாந்தத்தில் அறவியலுக்கு இடம் இல்லை என்பது அன்றைய விமர்சகர்களின் குற்றச்சாட்டு. இது இராதாகிருஷ்ணனை உறுத்தியது. தான் பிறந்த மதத்தில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று தேட வைத்தது. தன் எம்.ஏ. ஆய்வுரைக்கு வேதாந்தத்தின் அறவியலையே பொருளாக எடுத்தார். அது 1908இல் அச்சானது. அப்போது அவருக்கு வயது 20.

ஆசிரியர் கோபிப்பாரோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ஆனால் ஹாக் அந்த ஆய்வுரையை மனமாரப் பாராட்டினார். சிக்கலான வாதத்தைக் கையாளும் திறமை இந்த மாணவருக்கு இருக்கிறது என்று சான்று கொடுத்தார். இத்தனைக்கும் அதன் முடிவு அவருடைய முடிவு அல்ல.

பின்னாளில் ஆக்ஸ்போர்டில் 1926இல் ஆற்றிய உரைகளில் இராதாகிருஷ்ணன் கர்மாவை ஒரு சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டார். கைக்கு வரும் சீட்டு நாம் தேர்ந்தெடுத்தது அல்ல, ஆனால் அதை எப்படி ஆடுவது என்பது நம் கையில். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. திருக்குறளில் 'ஊழ்' ஒரு அதிகாரம், 'ஆள்வினையுடைமை' இன்னொரு அதிகாரம். விதியின் வலிமையைச் சொன்ன அதே நூல்தான் முயற்சியின் வலிமையையும் சொல்கிறது.

தாம்பரம், 1938

ஹாக் 1928 முதல் 1938 வரை கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவர் காலத்தில்தான், 1937இல், கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. 1938 டிசம்பரில் இதே வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. 400க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். நெதர்லாந்தின் ஹென்ட்ரிக் கிரேமர் கிறிஸ்தவ வெளிப்பாட்டுக்கும் பிற மதங்களுக்கும் இடையே தொடர்ச்சி கிடையாது என்று வாதிட்டார். ஹாக் அதை ஏற்கவில்லை. கொள்கை வேறு, உள்ளத்து விசுவாசம் வேறு, கொள்கையில் வேறுபடுகிறவரிடமும் உண்மையான விசுவாசம் இருக்க முடியும் என்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்து மாணவர்களோடு பழகியவர் அவர்.

கேள்வி தீர்ந்ததா?

முழுதாகத் தீரவில்லை. சீட்டாட்ட உவமை ஒருவர் தன் வாழ்க்கையை எப்படி நடத்தலாம் என்பதற்குப் பதில் சொல்கிறது. ஆனால் ஹாக் கேட்டது பக்கத்து ஆளின் துன்பத்தைப் பற்றி. அடுத்தவர் கையில் மோசமான சீட்டு வந்திருப்பதைப் பார்க்கும்போது நமக்கு என்ன கடமை?

இங்கேதான் 'பொறுப்பு' என்ற சொல் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, நாம் செய்ததற்கான பொறுப்பு. மற்றொன்று, நாம் எந்தத் தீங்கும் செய்யாத ஒருவருக்காக ஏற்கும் பொறுப்பு. 'என் நிலைக்கு என் வினையே காரணம்' என்று ஒருவர் தனக்குச் சொல்லிக்கொண்டால் அது முயற்சியைத் தூண்டலாம். அதையே வெள்ளத்தில் நிற்பவரைப் பார்த்துச் சொன்னால் அது கடமையிலிருந்து நழுவ ஒரு சாக்கு. சொல் ஒன்றுதான், யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில் அறம் மாறிவிடுகிறது.

முடிச்சூருக்குப் படகோடு போனவர்கள் யாருடைய கணக்கையும் பார்க்கவில்லை. இராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5, 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தன்னை மறுத்து எழுதிய மாணவரைப் பாராட்டிய ஓர் ஆசிரியரையும் அன்று நினைத்துக்கொள்ளலாம்.