மாவட்டத்துக்குள் மறையும் தோட்டம்: பதுளையில் பல்கலைக்கழக அனுமதியும் தகவல் உரிமையும்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் வெட்டுப்புள்ளி அட்டவணை நம் நாட்டில் அரிதாகக் காணக்கிடைக்கும் அரச ஆவணம். ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அதை நடத்தும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும், 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியே, கடைசியாக அனுமதி பெற்றவரின் இசட் புள்ளி, அதாவது நியமப்படுத்திய உயர்தரப் புள்ளி, நான்கு தசம தானம்வரை அதில் இருக்கும். எழுபதுகளின் தரப்படுத்தல் விட்டுச்சென்ற கசப்பையும், 2001இல் இசட் புள்ளி முறை வந்ததையும் நினைவில் வைத்திருப்போருக்கு இதன் அருமை தெரியும். 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒரே கூட்டமாக வைத்துப் புள்ளி கணித்ததை மறுவருடம் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. கணித்த முறை வெளியே தெரிந்திராவிட்டால் அப்படியொரு வழக்கைத் தொடுத்திருக்கவே முடியாது.

ஆயினும் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இந்த அட்டவணை எதையும் சொல்வதில்லை. அரசு தகவலை வெளியிடுகிறது. ஆனால் அவர்களின் நிலை தெரியாத அலகில் வெளியிடுகிறது. அலகை மாற்றாமல் வெளிப்படைத்தன்மையை எவ்வளவு கூட்டினாலும் அது கற்றலைத் தொடாது என்பதே என் வாதம்.

இதற்குப் பொருளியலாளர்களின் ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. உகண்டாவில் தொண்ணூறுகளின் முற்பாதியில், பாடசாலைகளுக்கென ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 வீதமே பாடசாலையை எட்டியதை ரித்வா ரெய்னிக்காவும் யாக்கோப் ஸ்வென்சனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். மாவட்டங்களுக்கு அனுப்பிய தொகையைப் பத்திரிகைகள் வெளியிடத் தொடங்கிய பின்னர் அது 80 வீதத்தைத் தாண்டியது. பாகிஸ்தானின் பஞ்சாப் கிராமங்களில் தாகிர் அந்த்ராபி, ஜிஷ்ணு தாஸ், ஆசிம் குவாஜா ஆகியோர் பிள்ளையின் புள்ளியையும் ஊர்ப் பாடசாலைகளின் புள்ளிகளையும் பெற்றோர் கையில் கொடுத்தனர். பிள்ளைகளின் அடைவு உயர்ந்தது. இதற்கு மாறான சான்றையும் மறைக்கக் கூடாது. உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூரில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கல்விக் குழுக்கள் பற்றிய தகவலை ஊர்க்கூட்டம் வைத்துப் பரப்பினார்கள். பாடசாலையில் எதுவும் மாறவில்லை. அங்கே பிள்ளைகளின் வாசிப்பை உயர்த்தியவை ஊர்த் தொண்டர்கள் நடத்திய வாசிப்பு வகுப்புகளே. என் வாசிப்பில், வேறுபாடு தகவலின் அளவில் இல்லை. பஞ்சாபில் தன் பிள்ளை, தன் ஊர்ப் பாடசாலை என்ற அளவுக்குத் தகவல் இறங்கியது; அதைப் பெற்றவருக்கு உடனே செய்வதற்கு ஒன்று இருந்தது.

பதுளைக்கு வருவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களில் 18 வீதத்துக்குக் கூடுதலானோர் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டவர்கள். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. பதுளை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. மாவட்டம் பின்தங்கியதாகக் கணிக்கப்படுவதில் தோட்டங்களின் வறுமைக்கும் பங்குண்டு. ஆனால் சலுகை மாவட்டத்துக்குள் நுழைந்தபின் யாரிடம் போய்ச் சேர்கிறது? உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அதுவே மாணவரின் மாவட்டம். ஆகவே நகரத்துப் பெரிய தேசிய பாடசாலையில் எல்லா வசதியோடும் படித்தவரும், மடுல்சீமை மலையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்தவரும் அட்டவணையின் ஒரே நிரலில் நிற்கிறார்கள்.

இன்னொரு முடிச்சு இதைவிட இறுக்கமானது. கலைப்பிரிவு அனுமதி அகில இலங்கைத் திறமை அடிப்படையிலானது. அங்கே மாவட்ட ஒதுக்கீடு இல்லை. விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலையை 1ஏபி என்றும், உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளதை 1சி என்றும் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் கீழே, உயர்தர வகுப்பே இல்லாதவை. உயர்தரம்வரை தாக்குப்பிடிக்கும் தோட்டப் பிள்ளை அருகில் கிடைக்கும் 1சி பாடசாலைக்குப் போய்க் கலைப்பிரிவில் சேர்வதே வழமை. பின்தங்கிய மாவட்டத்துக்கான சலுகை விஞ்ஞானத்துக்கு உண்டு, அவர் பாடசாலையில் விஞ்ஞானம் இல்லை. அவர் படிப்பது கலை, அங்கே சலுகை இல்லை. வெட்டுப்புள்ளி அட்டவணையை எத்தனை முறை புரட்டினாலும் இந்த அநீதி கண்ணில் படாது. பதுளை நிரலில் ஓர் எண் இருக்கும், அவ்வளவே.

அரசுக்குத் தோட்டத்தைத் தனியாகப் பார்க்கத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமானச் செலவின ஆய்வை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்தே பல காலமாக வெளியிட்டு வருகிறது. வறுமையை எண்ணும்போது தோட்டம் ஒரு துறை. பல்கலைக்கழக இடங்களை எண்ணும்போது மட்டும் அது இல்லாமற் போகிறது.

தகவல் யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்தபோது லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் மக்கள் இன்னும் குடியிருந்தார்கள். அரசுக்குத் தெரிந்தது மக்களைக் காக்கும் அளவுக்கு லயத்தை எட்டவில்லை. கல்வியிலும் அதே வழித்தடைதான், சாவு இல்லாத வடிவில். பல லய வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வரும். அங்கிருந்து வீட்டுக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பதிவுக்கு இறுதித் திகதி குறித்து வரும் கடிதத்துக்கு அந்தத் தாமதம் ஒரு பட்டத்தின் விலை. தோட்டத்துக்குள் வேலை செய்யப் பிரதேச சபைகளுக்கு இருந்த சட்டத் தடையே 2018இல்தான் நீங்கியது.

இந்த நிலையை மாற்ற ஒரு கருவி கையில் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. காரணம் சொல்லாமலே தகவல் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க வேண்டும். இது பிரசைகளின் உரிமை. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை அதன் மிச்சத்தைச் சுமந்த சமூகத்துக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

கேட்க வேண்டியது சிக்கலானதும் அல்ல. அனுமதி விண்ணப்பத்தில் பாடசாலையின் பெயரும் மொழிமூலமும் ஏற்கெனவே உள்ளன. எந்தப் பாடசாலை எந்த வகை என்பது கல்வி அமைச்சின் பாடசாலைத் தொகைமதிப்பில் உள்ளது. இரண்டையும் இணைத்தால், பதுளை ஒதுக்கீட்டில் நிரம்பிய ஒவ்வொரு மருத்துவ, பொறியியல், முகாமைத்துவ இடமும் எந்த வகைப் பாடசாலைக்கு, எந்த மொழிமூலத்துக்குப் போனது என்று சொல்லிவிடலாம். தனிநபர் விபரம் என்ற விதிவிலக்கை இங்கே இழுக்க முடியாது. கேட்பது தொகை, பெயர் அல்ல.

பதுளை, பசறை வீதியில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டக் கற்கைநெறி உண்டு. சுற்றிலும் உள்ள மலைகளில் கொழுந்து பறிப்போரின் பிள்ளைகள் அதில் எத்தனை பேர்? அனுமதி பெற்றவர்கள் முதலாம் ஆண்டு ஆங்கிலமூல விரிவுரைகளை எப்படிக் கடக்கிறார்கள், எத்தனை பேர் இடையில் நிற்கிறார்கள்? கற்றலை மேம்படுத்தும் திட்டம் எதுவும் இந்த எண்களிலிருந்தே தொடங்க முடியும். பாடசாலை வகைவாரியாகப் பதிவு, சித்தி, இடைவிலகல் மூன்றையும் அப்பல்கலைக்கழகம் தன் ஆண்டறிக்கையில் சேர்க்கப் புதுச் சட்டம் தேவையில்லை. பேரவையின் ஒரு தீர்மானம் போதும்.