டெசொலேஷன் சிகரத் தீக்காவல் குடில்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, வட கேஸ்கேட் மலைகளில் 1,860 மீட்டர் (6,102 அடி) உயரத்தில் நிற்கும் ஒற்றையறை மரக்குடில். காட்டுத்தீயின் முதல் புகையைக் கண்டு சொல்வதற்காக அமெரிக்க வனத்துறை 1932இல் இதைக் கட்டியது. 1956 கோடையில் எழுத்தாளர் ஜாக் கெரவாக் 63 நாட்கள் இங்கே தனியாகக் காவலிருந்ததால் இதன் பெயர் உலகம் முழுவதும் பரவியது. இன்று ராஸ் ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதையில், பெரும்பாலும் உச்சிக் காட்சிக்காகவே ஆட்கள் இங்கு வருகிறார்கள். குடில் இந்த இடத்தில் கட்டப்பட்டதும் அந்தக் காட்சிக்காகத்தான். ஒரே இடத்தில் நின்றால் எத்தனை பள்ளத்தாக்குகள் கண்ணில் படும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த உச்சிகள் இவை. மலையேறுபவருக்கு அழகாகத் தெரியும் அதே விரிவு காவலருக்கு வேலைக்களமாக இருந்தது.

பெயர்

டெசொலேஷன் என்றால் பாழ்நிலம். 1926இல் இந்தச் சரிவுகளைப் பெருந்தீ தின்றது. எரிந்து கரிக்கட்டையாய் நின்ற மலையைப் பார்த்து லாகே வெர்ன்ஸ்டெட் என்ற வனத்துறை அளவையாளர் வைத்த பெயர் இது. அப்படித் தீயில் பெயர் பெற்ற மலையிலேயே ஆறு ஆண்டுகள் கழித்துத் தீக்குக் காவல் வைத்தார்கள்.

தீக்காவல் எப்படித் தொடங்கியது

அமெரிக்க வனத்துறை 1905இல் உருவானது. ஐந்தே ஆண்டுகளில், 1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரு நாட்களில், ஐடாஹோ, மொன்டானா மாநிலங்களில் சுழன்றடித்த காற்றோடு சேர்ந்து பரவிய தீ சுமார் 30 லட்சம் ஏக்கர் காட்டை எரித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கப் போன கூலித் தொழிலாளர்கள். பெரிதாகிவிட்ட தீயை மனிதக் கையால் நிறுத்த முடியாது, சிறு புகையாக இருக்கும்போதே பிடித்தாக வேண்டும் என்ற பாடத்தைத் துறை அந்த இரு நாட்களில் கற்றது. உச்சிகளில் ஆள் நிறுத்துவது அதன்பின் வேகமெடுத்தது. 1913இல் கலிபோர்னியாவின் கிளமத் தேசியக் காட்டில் ஹேலி டாகெட் வனத்துறையின் முதல் பெண் தீக்காவலராகப் பணியேற்றார். 1933இல் வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு தொடங்கிய குடிமக்கள் வளப்பாதுகாப்புப் படை நாடெங்கும் ஏராளமான குடில்களையும் கோபுரங்களையும் அவற்றுக்குப் போகும் பாதைகளையும் அமைத்தது.

தினைப்புனத்துப் பரணைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இந்த ஏற்பாடு எளிதில் பிடிபடும். தட்டையான காடுகளில் அமெரிக்கர் எழுப்பிய உயரமான தீக்காவல் கோபுரங்கள் பரணின் இனம்தான். டெசொலேஷன் போன்ற மொட்டை உச்சிகளில் கோபுரம் தேவைப்படவில்லை. அங்கே மலையே பரண்.

குடிலும் கருவியும்

வனத்துறை எல்-4 என்று எண்ணிட்டு வழங்கிய வகையைச் சேர்ந்தது இந்தக் குடில். நீளமும் அகலமும் தலா 14 அடி. மரத்துண்டுகளை முன்கூட்டியே அளவாக அறுத்து, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றக்கூடிய கட்டுகளாக்கி மேலே அனுப்பி, உச்சியில் பூட்டி நிறுத்துவார்கள். நான்கு சுவர்களிலும் இடுப்புயரத்துக்கு மேல் கண்ணாடிதான். சன்னல்களை மூடும் மரக்கதவுகளைக் கோடையில் மேல்நோக்கித் தூக்கி முட்டுக்கொடுத்தால் அவையே தாழ்வாரமாக நிழல் தரும். உள்ளே ஒரு கட்டில், ஒரு விறகடுப்பு, ஒரு மேசை. இவற்றில் எதுவும் சன்னல் விளிம்பைத் தாண்டி எழாது. எங்கே நின்றாலும், படுத்திருந்தாலும்கூட, வெளியே கண் போக வேண்டும் என்பது இந்தக் கட்டுமானத்தின் கணக்கு.

அறையின் நடுவே நிற்பது ஆஸ்போர்ன் ஃபயர்ஃபைண்டர். வனத்துறை ஊழியரான வில்லியம் புஷ்நெல் ஆஸ்போர்ன் 1910களில் உருவாக்கிய கருவி இது. வட்டமான இரும்புத் தட்டின்மேல் சுற்றுவட்டாரத்தின் வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். அதன் மையம் குடில் நிற்கும் இடம். தட்டைச் சுற்றி 360 பாகைகள் பொறித்த வளையம். வளையத்தின் ஒரு பக்கம் துளையிட்ட பார்வைத் தகடு, எதிர்ப்பக்கம் குதிரைமுடி கட்டிய சட்டம். தொலைவில் புகை கிளம்பினால் காவலர் வளையத்தைச் சுழற்றி, துளை வழியே பார்த்து, மயிரிழையைப் புகையின் அடிவாரத்தோடு நேராக்குவார். விளிம்பில் காட்டும் பாகையை வானொலியில் சொல்வார். இன்னொரு உச்சியில் இருப்பவரும் அதே புகைக்குத் தன் பாகையைச் சொன்னால், அலுவலக வரைபடத்தில் இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் தீ இருக்கிறது. ஒருவர் மட்டுமே கண்டால் மலைமுகடுகளையும் ஓடைகளையும் வைத்துத் தூரத்தைக் கணிக்க வேண்டும். இங்கேதான் நிலத்தை மனப்பாடமாக அறிந்தவருக்கும் புதிதாக வந்தவருக்கும் வித்தியாசம் தெரியும். விடியலில் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனித் திரியைப் புகை என்று அறிவித்துவிடாமலிருக்கவும் அந்தப் பழக்கம் வேண்டும்.

புயலின்போது குடில்தான் மலையின் உச்சிப்புள்ளி, ஆகவே மின்னலின் இலக்கு. கூரையிலிருந்து செம்புக் கம்பிகளைத் தரைக்கு இறக்கியிருப்பார்கள். கால்களின் அடியில் கண்ணாடிக் குமிழ்கள் பொருத்திய முக்காலி ஒன்றும் இருக்கும். இடி நெருங்கும்போது அதன்மேல்தான் காவலர் இருப்பார். அச்சப்பட்டு ஒளிந்துகொள்ள அவருக்கு நேரமில்லை. எந்தெந்த மின்னல் எங்கே இறங்கியது என்று அந்த முக்காலியிலிருந்தபடியே குறித்துக்கொள்ள வேண்டும்.

கெரவாக்கும் நண்பர்களும்

கெரவாக்குக்கு முன்னரே அவருடைய நண்பர்கள் இதே மலைகளில் காவலிருந்தார்கள். கவிஞர் கேரி ஸ்னைடர் 1952இல் கிரேட்டர் மலையிலும் 1953இல் சவர்டோ மலையிலும் பணிபுரிந்தார். கம்யூனிச அச்சம் நாட்டை ஆட்டிய அந்த ஆண்டுகளில் அரசியல் சந்தேகத்தின் பேரில் 1954இல் அவருக்கு அந்த வேலை மறுக்கப்பட்டது. கவிஞர் ஃபிலிப் வேலன் 1954, 1955 கோடைகளைச் சவர்டோவில் கழித்தார். ஸ்னைடரின் பேச்சைக் கேட்டுத்தான் கெரவாக் விண்ணப்பித்தார். மார்பிள்மவுண்ட் நிலையத்தில் பயிற்சி பெற்று, படகில் ராஸ் ஏரியைக் கடந்து, மழையில் மலையேறினார். அவருக்குப் புகழ் தேடித்தந்த நாவல் வெளிவர அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது.

தனிமை ஞானம் தரும் என்று நம்பி ஏறியவருக்கு அது பெரும்பாலும் சலிப்பையும் தன்னோடு தானே மல்லுக்கட்டும் நாட்களையும் தந்தது. வந்த இரவில் மூடுபனியில் எதுவுமே தெரியவில்லை. நள்ளிரவில் விழித்தபோது சன்னலை அடைத்துக்கொண்டு ஒரு கரிய உருவம் நின்றதையும், அது ஹோசமீன் மலை என்று பிறகு புரிந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். 1958இல் வந்த ‘தி தர்மா பம்ஸ்’, 1960இல் வந்த ‘லோன்சம் டிராவலர்’, 1965இல் வந்த ‘டெசொலேஷன் ஏஞ்சல்ஸ்’ ஆகிய மூன்றிலும் இந்தக் கோடை இடம்பெறுகிறது. அவருடைய பெயரே பலரை மேலே இழுத்து வருகிறது என்பது உண்மை. ஆனால் அந்த மூன்று எழுத்தாளர்களைவிட இந்த மலைகளை நன்றாக அறிந்து, வருடா வருடம் திரும்பி வந்து, ஒரு வரியும் எழுதாமல் போன காவலர்கள்தான் குடிலைக் குடிலாக வைத்திருந்தவர்கள். அவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் இடம் உண்டு.

ஏறும் வழி

சாலை எதுவும் மலையடிவாரத்துக்குப் போவதில்லை. 165 மீட்டர் உயரமுள்ள ராஸ் அணை 1949இல் முடிந்தபின் ஸ்காகிட் ஆற்றின் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீள ஏரியாகிவிட்டது. சியாட்டில் நகரத்துக்கு மின்சாரம் தரும் நீர் அது. 20ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து ஏரியின் கிழக்குக்கரை வழியாக நடந்தே வருபவர்கள் ஒருவழிக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். மற்றவர்கள் அணைக்கருகே நீரில் மிதக்கும் விடுதியின் படகிலோ, தாங்களே துடுப்புப் போட்டோ வருவார்கள். ஏரியோரம் இரவு தங்க முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

படகுத்துறையிலிருந்து உச்சிக்குச் சுமார் ஏழரைக் கிலோமீட்டர். ஏற்றம் 1,350 மீட்டர் அளவு. முதல் அடியிலிருந்தே ஏற்றம்தான். மலைத்தொடரின் மேற்குப் புறம் நனைந்து சொட்டும் காடு என்றால், இந்தக் கிழக்குப் புறம் மழை மறைவில் காய்ந்து கிடப்பது. வழியில் நம்பத்தகுந்த தண்ணீர் கிடையாது. கோடைத் தொடக்கத்தில் மேலே பனித்திட்டு மிச்சமிருந்தால் உருக்கிக்கொள்ளலாம். ஆகஸ்டில் அதுவும் இராது. ஆளுக்கு நான்கு லிட்டராவது சுமக்காமல் ஏறுவது ஆபத்து. காடு முடிந்து புல்வெளி தொடங்கியதும் வெயில் நேராகத் தலையில் இறங்கும். ஜூலையில் அந்தப் புல்லில் ஊதா நிற லூபின் பூக்கள் நிறைந்திருக்கும். மேடு ஏறினால் இன்னொரு மேடு, அதை ஏறினால் மற்றொன்று என்று பாதை ஆளைச் சோதித்த பிறகே குடிலின் கூரை தெரியும்.

உச்சிக் காட்சி

வடக்கே இரட்டைக் கொம்புகளாய் எழும் ஹோசமீன் எல்லாவற்றையும் விழுங்கி நிற்கும். அதன் இரு முனைகளும் 2,400 மீட்டரைத் தாண்டியவை. அந்த மலையின் கூரிய சிக்கிமுக்கி வகைக் கல்லைப் பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கருவி செய்ய எடுத்தார்கள் என்பதைத் தொல்லியலாளர் கண்டறிந்திருக்கிறார்கள். கெரவாக் கரிய உருவத்தைக் கண்ட பாறையில் பூர்வகுடிகள் கத்தியைக் கண்டார்கள். தெற்கே 2,763 மீட்டர் உயர ஜாக் மலையும் அதன் வடமுகத்துப் பனியாறும். தென்மேற்கே வேலிக்கம்புகள் போல் நெருங்கி நிற்கும் பிக்கெட் முகடுகள். காலடியில் பச்சைநீல ராஸ் ஏரி.

பின்னாளில்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் விமான ரோந்தும், அதன்பின் செயற்கைக்கோளும் கேமராவும் காவலர் வேலையை எடுத்துக்கொண்டன. ஆளில்லாமல் பாழடைந்த குடில்கள் பலவற்றை வனத்துறையே தீவைத்து அழித்தது. 1968இல் வட கேஸ்கேட் தேசியப் பூங்கா உருவானபோது டெசொலேஷன் பூங்கா வளாகத்தின் கீழ் வந்தது, அதனால் தப்பியது. இன்றும் கோடையில் இங்கே காவலர் அமர்த்தப்படுவதுண்டு. வேலையின் தன்மை மட்டும் மாறியிருக்கிறது. புகை கண்ட மறுநாள் காலை 10 மணிக்குள் எந்தத் தீயையும் அடக்க வேண்டும் என்று 1935இல் வனத்துறை வகுத்த கொள்கை, எரியவேண்டிய சருகையும் புதரையும் காட்டில் குவித்துவிட்டது என்பதை இப்போது துறையே ஒப்புக்கொள்கிறது. ஆகவே மின்னலில் பிடித்த சில தீக்களை அணைக்காமல் கண்காணிக்கிறார்கள். எல்லாவற்றையும் அப்படி விடவும் முடிவதில்லை. 2023 ஜூலை இறுதியில் சவர்டோ மலைச்சரிவில் மின்னல் வைத்த தீ நெடுஞ்சாலையையே மூடவைத்தது.

காவலர் இருக்கும் நாட்களில் குடில் அவருடைய வீடும் அலுவலகமும். கதவருகே நின்று குரல் கொடுத்து, அழைத்தபின் நுழைவதே வழக்கம். கோடை முடிந்ததும் சன்னல் கதவுகளை இறக்கித் தாழிட்டுவிட்டு அவர் கீழிறங்குவார். அடுத்த கோடையில் ஒருவர் ஏறி வந்து அவற்றைத் தூக்கி நிறுத்தும்வரை நாற்புறமும் கண்ணாடியான அந்த அறை பனிக்குள் இருட்டாகக் கிடக்கும்.