கழுகு வரும் வேளை

திருக்கழுக்குன்றத்து மலையை மலை என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். உயரம் சுமார் 500 அடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரி குறையும் என்று முப்பது வருஷம் பூகோள வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் கணக்குப்படி உச்சியில் இருக்கும் வேதகிரீசுவரர் சந்நிதி அடிவாரத்தைவிட ஒரு டிகிரிதான் குளிர்ந்திருக்க வேண்டும். மாசி மாத விடியலில் ஏறிப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். தேரடியில் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு கிளம்பியவன், பாதிப் படியிலேயே அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வான். ஏறிய களைப்பில் வரும் சூடு கொஞ்சம். மீதி காற்றிலேயே இருப்பது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செங்கல்பட்டு கொளவாய் ஏரியும் சுற்றுவட்டாரத்து ஏரிகளும் நிரம்பியிருக்கும், வயலிலும் ஈரம் இருக்கும். தை பிறந்ததும் மேகம் விலகிவிடும். மேகப் போர்வை இல்லாத நீண்ட இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தாழ்வில் தேங்கும். அதில் இருக்கும் ஈரம் மூடுபனியாகிறது. பின்பனிக் காலத்தில் விடிகாலை ஆறரை மணிக்கு உச்சியிலிருந்து பார்த்தால் அடிவாரத்துத் தாழக்கோயில் கோபுரங்களின் தலை மட்டும் தெரியும், தெருக்கள் தெரியாது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். குன்றை மட்டும் அது துளைப்பதில்லை.

இடி பயமும் அப்போது இருக்காது. இந்திரன் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இடியாக விமானத்துத் துளை வழியே இறங்கி ஈசனைக் கும்பிடுகிறான் என்பது எங்கள் தலபுராணம். இந்த வட்டாரத்தில் இடி இறங்குவதெல்லாம் பெரும்பாலும் கோடையிலிருந்து ஐப்பசி வரையிலான மழையில்தான். பாறை வழுக்காது, வெயில் ஏறியிருக்காது. கிழக்கே மாமல்லபுரம் பக்கம் கடல் ஒரு கோடாகத் தெரியும். மாசி மகத்தன்று அந்தக் கடற்கரையில்தான் இருளர்கள் கூடுவார்கள். முதல் நாளே குடும்பம் குடும்பமாக வந்து மணலில் தங்கி, பனியில் கிடந்து, விடிகாலையில் கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணங்களையும் அங்கேயே முடிப்பார்கள்.

மலையேற இதைவிட நல்ல காலமும் நேரமும் கிடையாது. ஆனால் எங்கள் ஊருக்கு வந்த கூட்டத்தில் பெரும்பகுதி அந்த நேரத்தில் ஏறியதில்லை. காலை பத்து மணிக்குமேல், வெயில் சுள்ளென்று பிடித்த பிறகு, வெறுங்காலோடு 500க்கு மேற்பட்ட படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்கள். இந்தப் பக்கத்துப் பாறை பெரும்பாலும் சார்னோகைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று வெள்ளைக்காரர்கள் கொண்டாடிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து கல் போயிற்று, ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையை வைத்துக் கல்லுக்குப் பெயரிட்டார். கரிய கல், சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். அதில் ஏன் உச்சிவேளையில் கால் வைத்தார்கள் என்றால், கழுகு அப்போதுதான் வரும்.

இரண்டு பறவைகள். காசியில் குளித்து, ராமேசுவரத்தில் கும்பிட்டு, பகல் சாப்பாட்டுக்கு இங்கே வருகின்றன என்பது கதை. சொல்பவரைப் பொறுத்து ஊர்களின் வரிசை மாறும், எங்கள் ஊரில் சாப்பாடு என்பது மட்டும் மாறாது. பூசகர் பாறையில் உட்கார்ந்து சோறு, நெய், சர்க்கரை கலந்து வைப்பார். அவை இறங்கித் தத்தித் தத்தி வந்து அவர் அருகிலேயே தின்னும். 1906 அளவில் எடுத்த புகைப்படம் ஒன்றில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. சாபம் பெற்ற எட்டு முனிவர்கள், யுகத்துக்கு இருவராகக் கரையேற, கலியுகத்தில் மிச்சம் இந்த இருவர் என்பார்கள்.

அவை உண்மையில் மஞ்சள்முகப் பாறு. கழுகு என்று நாம் சொன்னாலும் பிணந்தின்னி இனம். இந்தியாவில் வாழும் வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே நமக்குப் பக்கத்துச் செஞ்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஜிஞ்சினியானஸ். 1790இல் லாதம் என்ற ஆங்கிலேயர் வைத்த பெயர் அது.

அவை ஏன் உச்சிவேளைக்கு வந்தன? பூசையைப் பார்த்து வந்தன என்று ஊர் சொல்லும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் தினமும் சோறு வைத்தால் எந்தப் பறவையும் பழகிக்கொள்ளும், அது சரி. ஆனால் அந்த நேரம் யார் குறித்த நேரம் என்பது என் கேள்வி. அகன்ற சிறகுள்ள பறவைக்குச் சிறகடிப்பது செலவு. வெயிலில் பாறை காய்ந்து, அதன்மேல் காற்று சூடாகி மேலே எழும்போது, சிறகை விரித்து அதில் ஏறிக்கொள்வது சுலபம். மாசிக் காலையில் கீழே குளிர்காற்று தேங்கியிருக்கும்வரை அந்த ஏற்றம் கிடைக்காது. எட்டு, ஒன்பது மணிக்குப் பனி கலையும், பத்துக்குமேல் பாறை சூடேறும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் மறுபடி காற்று குளிர்ந்து ஏற்றம் தளரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த உச்சிவேளைதான். பறவை காற்றுக்குக் காத்திருந்தது, பூசகர் பறவைக்குக் காத்திருந்தார், பக்தர் பூசகருக்குக் காத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வானிலை குறித்த முகூர்த்தம் அது.

வராத நாட்களும் உண்டு. எங்கள் ஆயா அதற்குப் பதில் வைத்திருந்தார்.

"எவனோ பாவி படி ஏறியிருக்கான்டா."

"எவன்னு எப்படி ஆயா தெரியும்?"

"உனக்கெதுக்கு அது? கன்னத்துல போட்டுக்கோ."

ஊர் முழுக்க அதே பதில்தான். கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மூடாப்புப் போட்ட நாளில், வாடை விடாமல் வீசிய நாளில், ஏற்றக் காற்று எழாத நாளில் எத்தனை அப்பாவிகள் பாவி ஆனார்களோ! மாசி, பங்குனி அந்தப் பறவைகளுக்கு முட்டைக் காலமும்கூட. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஒன்று மட்டும் வந்தால், இன்னொன்று ஏதோ பாறை இடுக்கில் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

இத்தனை நூற்றாண்டும் அதே இரண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கூண்டில் வளர்த்த பாறு முப்பத்தேழு வருஷம் வரை இருந்திருக்கிறது. ஒரு சோடி போனால் இன்னொரு சோடி அதே குன்றைப் பிடித்துக்கொள்ளும். குன்றுக்கு வந்துபோன மனிதர்களின் கணக்கும் நீளம். வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் உறுதிசெய்த பழைய கொடையை ஆதித்த சோழன் மறுபடி புதுப்பித்ததாக இங்கே கல்வெட்டு சொல்கிறது. பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில், சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவைத்தார்கள். இன்றைக்குக் காதலர்கள் செய்தால் திட்டுகிறோம், டச்சுக்காரன் கிறுக்கினால் தொல்லியல்.

1990களின் இறுதியில் பறவைகள் வருவது நின்றுபோயிற்று. கலி முற்றிவிட்டது என்றார்கள் சிலர், பக்கத்து அணுமின் நிலையம்தான் காரணம் என்றார்கள் சிலர். அதே காலத்தில் இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004இல் நிரூபித்தார்கள். 2006இல் கால்நடைக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மஞ்சள்முகப் பாறுவை 2007இல் அழியும் நிலையில் உள்ள இனம் என்று பட்டியலிட்டார்கள். எங்கள் சோடியைக் கொன்றது அந்த மருந்துதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு பறவைகளையும் யாரும் அறுத்துப் பார்க்கவில்லை.

ஒன்று தெளிவாக மாறியிருக்கிறது. கழுகு பார்க்க வந்த உச்சிவேளைக் கூட்டம் கரைந்து, ஏறுகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் ஏறுகிறார்கள், பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறார்கள். மருத்துவர் நடக்கச் சொன்னதால் ஏறுகிற என் வயதுக்காரர்களும் உண்டு. கழுகு மறுபடி வருமா சார் என்று பழைய மாணவர்கள் படியில் நிறுத்திக் கேட்கிறார்கள். நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பிணந்தின்னிக் கழுகுகள் இன்னும் இருக்கின்றன, அங்கே போய்ப் பாருங்கள், போகும்போது பத்து மணிக்குமேல் அண்ணாந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.