வாசலில் அமீனா நிற்கிறார்... எதை ஜப்தி செய்யலாம், எதைத் தொடவே கூடாது? டெல்டா விவசாயிகளுக்கான விளக்கம்

குடவாசல் சுற்றுவட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து, நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நேரத்தில்தான் கடன் கொடுத்தவர்களும் வீடு தேடி வருவார்கள். சிலர் நேரில் வருவார்கள். சிலர் கோர்ட் மூலமாக வருவார்கள். "ஜப்திக்கு ஆள் வந்திருக்கு" என்று யாராவது சொன்னாலே பாதிப் பேருக்குக் கை கால் ஓடாது. ஆனால், வந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே இருக்கிறது.

வந்திருப்பது யார்?

அமீனா என்பவர் நீதிமன்ற ஊழியர். நீதிமன்ற முத்திரையும் கையெழுத்தும் உள்ள வாரன்ட் அவர் கையில் இருக்க வேண்டும். எந்தக் கோர்ட், வழக்கு எண் என்ன, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ அனுப்பும் வசூல் ஏஜென்ட் அமீனா கிடையாது. வீட்டுக்குள் நுழையவோ, பொருளைத் தூக்கவோ அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன்காரருக்கு போன் போட்டு வசூல் கேட்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025ல் தமிழக சட்டமன்றமும் தனிச் சட்டம் நிறைவேற்றியது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2016 மார்ச்சில் ஒரத்தநாடு பக்கம், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியை போலீஸார் வயலிலேயே அடித்து இழுத்த வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. கடன் பாக்கி என்பது சிவில் விவகாரம். அதற்காக அடிக்க யாருக்கும் உரிமை இல்லை, போலீஸுக்கும்தான்.

சம்மன் வந்தபோதே தொடங்கிவிடுகிறது

அமீனா திடீரென்று முளைப்பதில்லை. அவருக்கு முன்னால் ஒரு சம்மன் வந்திருக்கும். நம் ஊரில் பலர் செய்யும் பெரிய தப்பு, "வாங்காதே, வாங்கினாத்தான் வம்பு" என்று சம்மனைத் திருப்பி அனுப்புவது. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். சட்டப்படி அதுவும் சேர்ப்பித்ததாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். அதன் பிறகு நீங்கள் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சமாக டிகிரி ஆகிவிடும்.

சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். புரோநோட்டு வழக்கென்றால் தேதியைப் பாருங்கள். எழுதிக் கொடுத்து 3 ஆண்டு கடந்திருந்தால் பொதுவாக வழக்கு நிற்காது. ஆனால், இடையில் கொஞ்சம் பணம் கட்டி நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த நாளிலிருந்து மறுபடி 3 ஆண்டு. வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதைப் பதிலுரையிலேயே சொல்லிவிட வேண்டும். ஜப்தி நாளில் அமீனாவிடம் சொல்லி அழுது பலனில்லை, அவர் தீர்ப்பு சொல்லும் ஆள் இல்லை.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா? டிகிரி தேதியிலிருந்து 30 நாளில் அதை ரத்து செய்ய மனு போடலாம். சம்மனே முறையாக வரவில்லை என்றால், டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். சும்மா விட்டால் டிகிரி 12 ஆண்டு உயிரோடு இருக்கும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் நிறைவேற்று மனு, கோர்ட் பாஷையில் 'இ.பி.', போடலாம்.

இன்னொரு விஷயம், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. டிகிரிக்குப் பிறகு கடன் கொடுத்தவர் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டு, "முடிஞ்சு போச்சு" என்று வந்துவிடுவார்கள். நீதிமன்றத்தில் பதிவாகாத பணத்தை இ.பி. விசாரணையில் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். கோர்ட்டில் கட்டுங்கள், அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள். வெளியில் கொடுத்திருந்தால் 30 நாளுக்குள் அதைப் பதிவு செய்யச் சொல்லி மனு போடுங்கள்.

எதைத் தொடக் கூடாது?

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவுதான் இதற்குப் பதில். கடன்பட்டவர், மனைவி, பிள்ளைகளுடைய அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கையை ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, அதாவது தாலி, அதுவும் அப்படியே. தச்சர், கொல்லர் போன்றவர்களின் தொழில் கருவிகளையும் எடுக்க முடியாது.

விவசாயிக்கு இன்னும் கூடுதல் பாதுகாப்பு உண்டு. உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகள், விதைநெல் ஆகியவற்றுக்கு விலக்கு. அவர் குடியிருக்கும் வீட்டுக்கும், அதன் மனைக்கும் விலக்கு. இங்கே 'விவசாயி' என்றால் பட்டாதாரர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சாகுபடி வருமானத்தையே முக்கியமாக நம்பி வாழும் குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும் இதில் வருவார்கள். குத்தகை நிலம் அதிகமுள்ள நம் பகுதிக்கு இது பெரிய விஷயம். கூலியையும் ஜப்தி செய்ய முடியாது. மாதச் சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே.

ஆனால் ஒன்று. வீட்டையே அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் இந்த விலக்கு காப்பாற்றாது. கடனில் வாங்கிய டிராக்டர் அந்தக் கடனுக்கே ஈடாக இருந்தால், அதுவும் அப்படித்தான்.

விளைந்த நெல்லுக்கு இதே அளவு பாதுகாப்பு கிடையாது. வயலில் நிற்கும் பயிரை ஜப்தி செய்தால் வாரன்ட் நகலை அந்த வயலில் ஒட்டுவார்கள். அறுத்துவிட்டால் களத்திலோ போரிலோ ஒட்டுவார்கள், வீட்டுக் கதவிலும் ஒன்று. ஜப்தி ஆனாலும் பயிரைப் பராமரிக்க, அறுக்க, சேமித்து வைக்க விவசாயிக்கு வழி இருக்கிறது. விற்கத்தான் முடியாது. கொள்முதல் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டால், கோர்ட் உத்தரவு மூலம் அந்தக் கணக்கையும் முடக்கலாம்.

அமீனா வரும் நேரம்

சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் ஜப்திக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. கதவைத் திறக்க மறுத்தால், அது கடன்பட்டவர் குடியிருக்கும் வீடாக இருந்தால், உடைத்துத் திறக்கலாம். அதனால் மல்லுக்கட்டுவது வேண்டாம். அரசு ஊழியரைத் தடுத்தால் அது தனி கிரிமினல் வழக்காகிவிடும். எடுக்கும் பொருளுக்குப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். மாடு பக்கத்து வீட்டுக்காரருடையது, வண்டி மனைவி பெயரில் இருக்கிறது என்றால், அதன் சொந்தக்காரர் கோர்ட்டில் உரிமைகோரும் மனு போடலாம்.

ஜெயிலுக்குப் போகணுமா?

பெண்களைப் பணக் கடன் டிகிரிக்காகக் கைது செய்யவே முடியாது. மற்றவர்கள் விஷயத்தில், கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் இருந்தால்தான் சிவில் சிறை. வெறும் ஏழ்மைக்காகச் சிறையில் போடக் கூடாது என்று 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகபட்சம் 3 மாதம். சிறைக்குப் போய் வந்தாலும் கடன் கழியாது. செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் கதையே வேறு. அது கிரிமினல் வழக்கு, 2 ஆண்டு வரை சிறை உண்டு.

அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளையைப் பிடிப்பார்களா என்றும் கேட்கிறார்கள். அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பிள்ளைக்குப் பொறுப்பு. பிள்ளையே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அவர் கடன்தான்.

வங்கி நோட்டீஸ் என்றால்?

'சர்ஃபாசி' சட்டத்தில் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்கலாம். முதலில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஆவணத்தில் 'நஞ்சை' என்று இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் சாகுபடி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 2018ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அடங்கல் எடுத்து வைத்திருப்பவர்களுக்கு இங்கேதான் உதவும்.

நிலம் ஏலம் போய்விட்டாலும் கதவு உடனே மூடுவதில்லை. சிவில் கோர்ட் ஏலம் என்றால் 60 நாளுக்குள் டிகிரி பாக்கியையும், ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கட்டி விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். திருவாரூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் வழி உண்டு. ஆனால் லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. கட்ட முடிந்த தவணையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். போகும்போது சம்மன், புரோநோட்டு நகல், பணம் கட்டிய ரசீது, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.