பூ-அர் தேநீர்

பூ-அர் தேநீர் என்பது சீனாவின் யுன்னான் மாகாணத்தில் தயாரிக்கப்படும், நொதித்து முதிரும் தேயிலை வகையாகும். பெரும்பாலான தேயிலைகள் நாட்பட மணம் இழக்கின்றன. பூ-அர் தேயிலையோ முறையாகச் சேமிக்கப்பட்டால் பல ஆண்டுகள் வரை சுவை மேம்படக்கூடியது. இதனால் சந்தையில் இதன் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது வயதாகும். ஆனால், ஒரு தேயிலையின் வயதை அதன் உறையைக் கொண்டு மட்டும் உறுதி செய்ய இயலாது.

பெயரும் வரலாறும்

இத்தேயிலை, அது விற்கப்பட்ட வணிக நகரான பூ-அரின் பெயரால் வழங்குகிறது. இங்கிருந்து குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் திபெத்து முதலிய இடங்களுக்குத் தேயிலை கொண்டு செல்லப்பட்டது. சுமக்க எளிதாக இருக்கும்பொருட்டு இலைகள் அழுத்திக் கட்டிகளாக்கப்பட்டன. 1729 இல் சிங் அரசு பூ-அர் ஆட்சிப் பிரிவை நிறுவியது. சிமாவ் நகரம் 2007 இல் பூ-அர் எனப் பெயர் மாற்றப்பட்டது. பூ-அர் பகுதியிலுள்ள சிங்மாய் மலையின் பழந்தேயிலைக் காடுகள் 2023 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

தயாரிப்பு

அசாம் தேயிலையைப் போன்றே இதுவும் பெரிய இலை கொண்ட செடிவகையிலிருந்து பெறப்படுகிறது. பறித்த இலைகள் வாணலியில் வதக்கப்பட்டு, உருட்டப்பட்டு, வெயிலில் உலர்த்தப்படுகின்றன. பின்னர் இவை இரண்டு வகைகளாகின்றன.

* ஷெங் (பச்சை வகை): உலர்ந்த இலைகள் நேரடியாக ஆவியில் இளக்கி அழுத்தப்படுகின்றன. முதிர்ச்சி சேமிப்பின்போது மெதுவாக நிகழ்கிறது. இளம் ஷெங் கசப்பும் துவர்ப்பும் மிக்கது.
* ஷூ (பழுத்த வகை): இலைகளைக் குவித்து, நீர் தெளித்து, மூடி வைத்து, ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் நொதிக்கச் செய்வர். இம்முறை 1973 இல் குன்மிங் தேயிலை ஆலையில் உருவாக்கப்பட்டது. இதன் வடிநீர் கருஞ்சிவப்பாகவும் மென்மையாகவும் இருக்கும்.

வழமையான வட்ட வில்லையின் எடை 357 கிராம் ஆகும். ஏழு வில்லைகள் ஒரு கட்டாகச் சேர்த்து மூங்கில் மடலால் சுற்றப்படும். ஒரு கட்டின் எடை ஏறத்தாழ 2.5 கிலோகிராம்.

சேமிப்பு

முதிர்ச்சிக்கு மிதமான ஈரப்பதமும் ஓரளவு காற்றோட்டமும் வேண்டும். மிக உலர்ந்த இடத்தில் முதிர்ச்சி தடைப்படும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். குன்மிங் நகரின் உலர்ந்த காற்றில் வைக்கப்பட்ட ஷெங், ஈரமிக்க ஆங்காங் கிடங்குகளில் வைக்கப்பட்டதைவிட மெதுவாகவே முதிர்கிறது.

* வெயில் படாத, ஒப்பீட்டு ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காடு வரையுள்ள இடம் ஏற்றது.
* தேயிலை பிற வாசனைகளை எளிதில் ஈர்ப்பதால் சமையலறை, சாம்பிராணிப் புகை, பூச்சி உருண்டை ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும்.
* ஷெங், ஷூ இரண்டையும் தனித்தனியே வைப்பது நன்று.
* குளிர்பதனப் பெட்டி இதற்கு ஏற்றதன்று. காற்றுப் புகாத கலனும் குளிர்ச்சியும் பச்சைத் தேயிலைக்கே பொருந்தும்.

வடித்தல்

வில்லையின் ஓரத்தில் மெல்லிய கத்தியைச் செருகி, இலைகள் நொறுங்காமல் பெயர்த்தெடுப்பர். 100 மில்லிலீட்டர் கொள்ளும் மூடியுள்ள கிண்ணத்திற்கோ யீசிங் களிமண் கெண்டிக்கோ 6 முதல் 7 கிராம் இலை போதுமானது. கொதிநீரை ஊற்றி உடனே கொட்டிவிடுவது முதற்படியாகும். இது தூசியை நீக்கி இலையை இளக்கும். அதன்பின் 10 விநாடி ஊறவைத்து வடித்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைச் சிறிது கூட்ட வேண்டும். ஒரே இலையை எட்டு முறைக்கு மேலும் வடிக்கலாம். இளம் ஷெங்கின் கசப்பைக் குறைக்க, நீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றுவர்.

வாங்குதல்

2007 இல் ஊக வணிகத்தால் மிக உயர்ந்த பூ-அர் விலை அவ்வாண்டே சரிந்தது. முதலீடாக வாங்கிச் சேர்த்தோர் பலர் பெரும் இழப்புக்கு ஆளாயினர். போலிகளும் மிகுதி. குறிப்பாக, லாவ் பான்சாங் போன்ற புகழ்பெற்ற ஊர்ப் பெயர்கள் பிற இலைகளின் உறைகளிலும் அச்சிடப்படுகின்றன.

ஆலைகளின் நான்கு இலக்க எண்ணும் குழப்பத்திற்கு இடமளிக்கிறது. 7542 என்பதில் 75 என்பது கலவை வகுக்கப்பட்ட 1975 ஆம் ஆண்டையும், 4 இலையின் தரநிலையையும், 2 மெங்ஹாய் ஆலையையும் குறிக்கும். இவ்வெண் தயாரிப்பு ஆண்டைக் காட்டுவதன்று. இதே எண்ணுடன் பிற்காலத்திலும் வில்லைகள் தயாரிக்கப்படுகின்றன.

ஷூ வகையையோ, மிகை ஈரத்தில் வைத்துக் கருமையாக்கிய ஷெங்கையோ பழைய ஷெங் எனக் கூறி விற்பதும் உண்டு. வடித்தபின் இலையைப் பார்த்தால் ஓரளவு வேறுபாடு அறியலாம். நன்கு முதிர்ந்த ஷெங் இலை செம்பழுப்பாகவும் விரிந்து நெகிழ்ந்தும் இருக்கும். ஷூ இலை கருத்து விறைத்திருக்கும். பூஞ்சணப் படலம் அல்லது புழுங்கிய நாற்றம் உள்ளதைத் தவிர்த்தல் வேண்டும். முழு வில்லை வாங்குமுன் சிறிதளவு மாதிரி பெற்று வடித்துப் பார்ப்பது பாதுகாப்பானது. பழமை என்ற ஒன்றுக்காக மட்டும் கூடுதல் விலை தருவதைவிட, இளம் வில்லையை வாங்கித் தாமே சேமித்து வந்தால் அதன் வயது ஐயத்திற்கு இடமின்றித் தெரியும்.